திங்கட்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் போகிறவர்களுக்கு

1995 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை நான் திருச்சியிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போனதற்குக் காரணம் என் தம்பி பாஸ்கர் எழுதிய இன்லாண்டு கடிதம். அவனும் அவன் மனைவி கலாவும் மூன்று வருடம் முன்பு மார்மன் கிறித்தவர்களாக மாறியவர்கள். அடுத்த மாதம் பிள்ளைகளோடு மணிலாவிலுள்ள தங்கள் கோயிலுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு சடங்கு செய்தால், இறந்த பிறகும் ஒரே குடும்பமாக இருப்பார்களாம். காலமாகிவிட்ட அப்பா அம்மாவுக்கும் அதையே செய்ய வேண்டும், அம்மாவின் பிறந்த தேதியும் உன் சம்மதமும் வேண்டும் என்று எழுதியிருந்தான். எனக்கு எந்தக் கோயிலிலும் நம்பிக்கை கிடையாது. முடியாது என்பதைத் தபாலில் எழுத மனமில்லாமல்தான் கிளம்பினேன்.

ரயில் தாம்பரத்தில் 5.20க்கு நின்றது. கிழக்குப் பக்கம் இறங்கினால் வேளச்சேரி சாலை பஸ் கிடைக்கும். ராஜகீழ்ப்பாக்கம் நான்கு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். அன்று பஸ் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் நான் காப்பி குடித்திருக்க வேண்டும். மார்மன்கள் காப்பி, டீ இரண்டையும் தொடுவதில்லை என்பதைப் படித்த பெண்ணான நான் மறந்தே போனேன். இரவெல்லாம் உட்கார்ந்து வந்தவளுக்குக் கலா ஒரு டம்ளர் வெறும் பால் கொடுத்தாள்.

பாஸ்கர் ஒரு பெரிய தாளை விரித்தான். தலைமுறை தலைமுறையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து எழுதி, தன்னை ராமலிங்கம் ஆக்கியிருந்தான். அவன் பிள்ளைகள் பாஸ்கர் ஆகியிருந்தார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்பம். அம்மாவின் தேதிக் கட்டம் காலி.

தேதி தெரிந்திருக்கக்கூடியவர் கோவிலம்பாக்கத்தில் இருக்கும் அம்மாவின் தம்பி ஒருவர்தான். பாஸ்கர் வேலைக்குக் கிளம்பிவிட்டான். வந்தது வந்தோம், மாமாவையாவது பார்ப்போம் என்று போனேன். மேடவாக்கம் வரை பஸ், இரண்டு ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ. இருபத்தைந்து கேட்டார், பதினெட்டுக்கு வந்தார், பாதி வழியில் சாலை சரியில்லை என்று மறுபடி இருபத்தைந்து ஆக்கினார். கொடுத்தேன்.

மாமா தன் நிலத்தை மனை மனையாக விற்றுவிட்டு, மிச்சமிருந்த ஒரு மூலையில், பழைய வீட்டுத் திண்ணையில் செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா பொறக்கசொல்ல நான் எங்க இருந்தேன், வாத்தியாரம்மா? எனுக்கு மூணு வயசு மூத்தது. அவ்ளோதான் தெரியும்" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "உங்கப்பன ஒரு தபா கட்டிகினதே அதுக்குப் பேஜாரு. செத்தும் வுட மாட்டீங்களா?"

பிறகு சிரிப்பு நின்றுபோனது. எனக்கு ஆறு வயதில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு இதே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். நாலாம் நாள் தாத்தாவே திரும்பக் கொண்டுபோய் விட்டாராம். "போ மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல. பொடவையத் தட்டிகினு எழுந்து போச்சு."

எனக்கு அந்த நாலு நாள் நினைவிருக்கிறது. ஏரியில் குளித்தேன். லீவு என்று நினைத்திருந்தேன்.

திங்கள் மாலை அவர்கள் வீட்டில் குடும்ப நேரம். டிவி கிடையாது, விருந்தாளி கிடையாது, ஆறு மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தாக வேண்டும். பிள்ளைகள் பாடினார்கள். சின்னவள் ஜெபத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். பாயசம் வந்தது. எட்டரைக்கு ரயிலை வைத்துக்கொண்டு நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் உள்ளே போனதும், அப்பாவோடு அம்மாவைச் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை என்றேன்.

"கட்டாயம் இல்லக்கா. நாம இங்க செஞ்சாலும், அந்த உலகத்துல அவங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம்னு சொல்லிடலாம்."

"அம்மா எதையாவது வேணாம்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?"

அந்த நாலு நாளைப் பற்றிச் சொன்னேன். அப்போது அவனுக்கு இரண்டு வயது, எதுவும் தெரியாது. தாளை அருகே இழுத்து, பென்சிலால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே போட்டிருந்த கோட்டை ரப்பரால் அழித்தான்.

"அப்ப நான் அங்க யாரோட புள்ளக்கா?"

இருபத்தைந்து வருடமாக வகுப்பெடுக்கிறவளுக்கு வந்தது இவ்வளவுதான்: "என் தம்பியா இரு" என்றேன். அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காப்பியைத் தாம்பரத்திலேயே குடித்துவிடுங்கள். மேடவாக்கத்தில் ஆட்டோ ஏறும்போதே சாலையையும் சேர்த்துப் பேசி முடியுங்கள். பிறந்த தேதி தேடிப் போகிறவர்கள் வேறு எதுவும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகப் போங்கள். மார்மன் வீடென்றால் திங்கட்கிழமையைத் தவிருங்கள். அன்று குடும்பத்துக்கு மட்டும்தான் இடம். என்னை ஏன் உட்கார வைத்தார்கள் என்பது ரயிலடிக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். வழியனுப்ப வந்த பாஸ்கர் எங்கோ போய் ஒரு காப்பி வாங்கிவந்தான். தான் குடிக்கக் கூடாததை, நான் பையை ஓரமாக வைத்து முடிக்கும்வரை, ஆறிவிடாமல் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றான்.