நாலாவது நகர்த்தல்

காதுமடலைப் பிடித்து இழுத்தால்தான் கண்ணாடிக் கடைக்காரருக்கு மூளை திறக்கும். அன்றும் இழுத்துக்கொண்டிருந்தார். இப்படி இழுத்து இழுத்து அவர் ஒரு காயை நகர்த்துவதற்குள் எதிரே மூன்று மாடி வீடு எழும்பி, குடியும் வந்துவிட்டது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்; மாடி இரண்டுதான்.

ஞாயிறு, கடைக்கு விடுமுறை. லென்ஸ் துடைக்கும் மேசையில் சதுரங்கப் பலகை. எதிரே அவருடைய சம்பந்தி, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். சிவப்பு விளக்கில் காத்திருந்து பழகியவர் என்பதால் பொறுமைக்குக் குறைவில்லை.

பந்தயம், பேத்தி. பள்ளி விடுமுறைக்கு அவள் எந்தத் தாத்தா வீட்டுக்குப் போவாள் என்பதை ஆண்டுதோறும் இந்தப் பலகைதான் தீர்மானிக்கிறது. அவளையே கேட்டால் தகராறு தீர்ந்துவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. போன வருடம் கடைக்காரர் தோற்றார். இந்த வருடம் பவர் இல்லாத சின்னச் சிவப்புக் கண்ணாடி ஒன்றைச் செய்து இழுப்பறையில் வைத்திருக்கிறார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளை வாசிக்கச் சொல்லி அதட்ட, அவளுக்கும் ஒரு கண்ணாடி வேண்டுமே.

நிலைமை சிக்கல்தான். கடைசி வரிசையில் அவருடைய ராஜா. முன்னால் சொந்தச் சிப்பாய்கள் மூவர் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தியின் யானை அந்த வரிசைக்குள் இறங்காமல் காத்தது ராணி ஒருத்திதான்.

கடைக்காரர் எப்போதும் மூன்று நகர்த்தல்களைப் பொறுக்கி எடுப்பார். மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் நாலு தலைமுறை விசாரிப்பார், அதுவும் வாய்விட்டு.

“குதிரைய விட்டு செக் வைக்கலாம். அவர் ராஜா ஒதுங்கிடுவார், குதிரை அந்தரத்துல நிக்கும். பேச்சு இனிப்பு, வருமானம் இல்ல. மந்திரிய பின்னால இழுக்கலாம். சாதுதான், ஆனா முதுகெலும்பு கிடையாது. ஓரத்து சிப்பாய ஒரு கட்டம் தள்ளுனா ராஜாவுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும்.” இந்த இடத்தில் காது நன்றாகவே நீண்டது. “நல்ல பையன். ரொம்ப நல்ல பையன். அதான் சந்தேகமா இருக்கு.”

“பொழுது சாயுது, சம்பந்தி.”

“இருங்க. அவசரப்பட்டா காரியம் கெடும்.”

மூன்றையும் மறுபடி ஒரு சுற்று விசாரித்தார். மூன்றிலும் குறை. பிறகு, அதுவரை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காத ஒரு நகர்த்தலை அவர் கை தானாகச் செய்தது. ராணி பலகையின் மறுகோடிக்குப் போய் ஓர் அநாதைச் சிப்பாயை வெட்டினாள். அத்தனை ஆராய்ச்சிக்கும் பலன், அந்த ஒரு சிப்பாய்.

சம்பந்தி தம் காதைத் தொடவே இல்லை. யானையைக் கடைசி வரிசையில் இறக்கினார். ராஜாவுக்கு நகர இடமில்லை. ஊர்க் கண்ணையெல்லாம் சரிசெய்கிறவர் பலகைமேல் குனிந்து குனிந்து பார்த்தார்.

“நாலாவது உங்களுக்கு ராசியில்ல போல.”

“ஏன் இல்ல? என் பொண்ணுக்கு மூணு வரன் பாத்து தள்ளிட்டு, நாலாவதாத்தானே உங்க பையன பிடிச்சேன். நானா பாத்து எடுத்த முடிவு.”

அலமாரியில் ஃபிரேம்களை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பாமலே சொன்னார்: “நீங்க எங்க பாத்தீங்க? அவளா கூட்டிட்டு வந்து நிறுத்துனா. நீங்க அப்பவும் மூணாவது வரனுக்கு காத இழுத்துக்கிட்டிருந்தீங்க.”

கடைக்காரர் காதை விட்டார். இழுப்பறையைத் திறந்து சிவப்புக் கண்ணாடியை எடுத்தார். இரண்டு பக்கமும் ஊதித் துடைத்து, பலகைக்கு மேலாகச் சம்பந்தியிடம் நீட்டினார்.