சந்தாலிக் கவிதையைத் திருத்திய கணினி

எங்கள் அலிப்பூர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை ஒரு தாதா. பயப்பட வேண்டாம், வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். அவர் சந்தாலி என்ற பழங்குடி மொழி பேசுபவர். ஜார்கிராம் பக்கம் ஊரில் இருந்த அவர் மனைவி கவிதை எழுதுவார். சந்தாலிக்கென்றே உள்ள ஒல் சிக்கி எழுத்து மட்டும்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். ஒருமுறை ஒரு பத்திரிகை அவர் கவிதையை வங்க எழுத்தில் போட்டுவிட்டது. தன் கவிதையை அடுத்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். அதோடு யாருக்கும் கவிதை தருவதில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் புத்தகக் கண்காட்சிக்குள்ள உன் எழுத்துலயே புத்தகம்" என்று தாதா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கு கொடுக்க வாய் போதும். அச்சடிக்க எழுத்து வேண்டுமே!

நண்பர் ஒருவர் செய்துகொடுத்த எழுத்துரு தாதாவின் கணினியில் இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஒல் சிக்கிக்குக் கணினியில் சொந்த இடம் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம். வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். எனக்கு இது பழகிய தொல்லை. மதுரைத் தங்கைக்குத் தமிழில் மெயில் அனுப்பினால், "என்னக்கா, பூனை கீபோர்டுல ஏறி ஓடிருச்சா?" என்று போன் செய்வாள்.

அவ்வளவு தெரிந்தும் புத்தி வரவில்லை. டாலிகஞ்சில் எங்கள் தெரு அச்சகத்தில், தாதா தட்டெழுதிய கவிதைகள் இருந்த பிளாப்பியை நான்தான் கொடுத்தேன். அங்கே கணினியில் இருந்தவர் தங்கமான மனிதர். திறந்ததும் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. யாருக்கோ ஆங்கிலம் இவ்வளவு மோசமாக வருகிறதே என்று இரக்கப்பட்டு, கணினி சொன்ன திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

"தீதி, ஒரு தப்புகூட இல்லாம பண்ணிட்டேன்!" என்று பிரூபை நீட்டினார். தீதி என்றால் அக்கா.

தாதாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் தெரிந்தது: நிலா இருந்த வரியில் மேனேஜர் இருந்தார். மழைக் கவிதையில் மட்டன் வந்திருந்தது. நான் தாம்தூம் என்று குதித்தேன். தாதாவோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிவிட்டது. "எட்டு நாள்தான் இருக்கு தீதி. அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

எழுத்துருவை நகலெடுத்துப் போட்டுப் பார்த்தோம். அச்சகத்துக் கணினி மசியவில்லை. கடைசியில் தாதாவின் கணினிப் பெட்டியையே சால்வையில் சுற்றி மினி பஸ்ஸில் தூக்கிவந்தோம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார். அந்தப் பெட்டியை அச்சகத்துப் பிரிண்டரோடு இணைத்ததும் முதல் பக்கம் ஒல் சிக்கியில் வந்து விழுந்தது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கைதட்டினேன்.

கண்காட்சிக்கு அவர் மனைவி ரயிலேறி வந்தார். மைதானத்துப் புழுதியில் நின்றபடியே முழுப் புத்தகத்தையும் சத்தமாகப் படித்தார். புத்தகத்தை வாங்கியவர்கள் பெரும்பாலும் அவருடைய சொந்தக்காரர்கள். "எனக்குத் தெரிஞ்சதை நானே படிச்சுட்டேன். என்னைத் தெரியாத யாராச்சும் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

சில வருடம் கழித்து, உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் ஒல் சிக்கியும் சேர்ந்தது. ஒண்டுக்குடித்தனம் போய்ச் சொந்த வீடு. தாதா அலுவலகம் முழுக்கச் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். பிறகு மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, கவிதைகளைப் புதிதாகத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினார். மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை.

ஒருநாள் ஒரு மெயில் வந்தது. ஒடிசாவிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு டீச்சர். வங்க எழுத்து தெரியாதவர். ஒல் சிக்கியிலேயே எழுதியிருந்தார். தாதா உடனே ஊருக்குப் போன் போட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினார். பாதியில் அவர் குரல் இறங்கியது.

"என்னவாம்?" என்றேன்.

"மூணாவது கவிதை ரொம்ப நீளமாம் தீதி. கடைசி நாலு வரி தேவையே இல்லையாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இவங்களை யாரு கேட்டா?"

போனில் ஒரே சிரிப்பு. என் மேஜை வரைக்கும் கேட்டது.

"எதுக்குச் சிரிக்கறாங்க?"

தாதாவும் சிரிக்க ஆரம்பித்திருந்தார். "கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்களேங்கறா."