நிமிர்த்திய பூகோளம்

எங்கள் பள்ளிக்கூட அதிபருக்கு எதுவும் கோணலாக நிற்கக் கூடாது. பிள்ளைகளின் வரிசை, பூச்சாடி, எங்கள் சாரித் தலைப்பு, எல்லாம் நேராக இருக்க வேண்டும். கடைசியில் மனிதர் உலகத்தையும் விட்டுவைக்கவில்லை.

நாவற்குடாவிலிருந்து பஸ் ஏறிப் போய், வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பிக்கிறேன். போன வருடம் யாரோ ஒரு மேசைப் பூகோளம் அன்பளிப்புச் செய்தார்கள். பிள்ளைகள் அதைத் தொட்டுச் சுழற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதிபர் பொலித்தீன் உறையோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வேறு வழியில்லாமல் கரும்பலகையில் படம் கீறினேன். இது அடித்தட்டு. இது உருண்டையைப் பிடித்திருக்கும் அரைவட்ட வளையம், பாகை பார்ப்பது இதில்தான். உருண்டைக்குள்ளால் போகும் கம்பி அச்சு. அது இருபத்து மூன்றரைப் பாகை சரிந்திருப்பதால்தான் நமக்கு வாடைக் காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறி வீசுகின்றன என்று தொண்டை வறளச் சொன்னேன்.

கல்விக் கந்தோர்ப் பெரியவர்கள் வந்த அன்றுதான் பூகோளம் வெளியே வந்தது. பிள்ளைகளை வரிசையாக விட்டுத் தூர நின்று பார்க்க வைத்தார்கள். நான் வாசலில் மாலையோடு நின்றதால் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பரீட்சை. அச்சு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு, வகுப்பிலேயே கெட்டிக்காரி, வாவியில் வலை வீசுபவரின் மகள், 'நேராக' என்று எழுதியிருந்தாள். பிழை போட்டேன். தாளோடு வந்து நின்றாள்.

"நான் என்ட கண்ணால கண்ட நான் டீச்சர், நேராத்தானே நிண்டிச்சு. மறுகா ஏன் பிழை போட்டீங்க?"

அதிபரின் அறைக்குப் போய் அலுமாரியைப் பார்த்தேன். வளையமும் அடித்தட்டும் சேரும் இடத்தில் புது வெல்டிங். பூகோளம் நட்ட கம்பம் மாதிரி நின்றது.

"சரிஞ்சு கிடந்திச்சு டீச்சர். பெரியவங்க வாறதுக்கு முதல் வெல்டிங் கடையில குடுத்து நிமித்தின நான். இப்ப எவ்வளவு வடிவு," என்றார் அதிபர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படித்த மனிதர், ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளை வாழ்நாளில் கண்ட ஒரே பூகோளம் அவளுக்குப் பொய் சொல்லிவிட்டது. அலுமாரித் திறப்பை வாங்கி, பூகோளத்தையும் பெரியவர்கள் பாராட்டி எழுதிய தடித்த குறிப்பேட்டையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அடித்தட்டின் ஒரு பக்கத்தில் குறிப்பேட்டை வைத்து முட்டுக் கொடுத்தேன். அவள் பாகைமானியைப் பிடித்துப் பார்த்தாள்.

"இருபத்து மூண்டரைக்குக் காணாது டீச்சர்."

"அதிபரிட்டப் போய் இன்னொரு புத்தகம் வாங்கிட்டு வா. என்னத்துக்கெண்டு கேட்டா, உலகத்தச் சரிக்கவெண்டு சொல்லு."