அப்பாவிடம் பேசியவன்

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் வரித்துறை அக்காவுக்கு இன்றைக்கும் ஏக்கம் பதவி மேல் இல்லை, அந்த ஓர் அறை மேல்தான். ஜன்னல் திறக்காது. மின்விசிறி சுற்றியதைவிடக் கத்தியதுதான் அதிகம். இருந்தாலும் அது பொற்காலம் என்பாள்.

அதற்கு முன்னால் போலீஸ், வங்கிக் கண்காணிப்பு, தொலைபேசித் துறை எல்லாம் ஆளுக்கொரு மூலையில் முறுக்கிக்கொண்டு நின்றன. ஓய்வூதிய அதிகாரி என்று போனில் பேசி வயதானவர்களை மொட்டையடித்த கும்பல் மட்டும்தான் ஒற்றுமையாக வேலை பார்த்தது. கடைசியில் வரித்துறையையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே மேஜை போட்டார்கள். முதல் வாரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு கடுதாசி நடையிலேயே பேசினார்கள். அக்காதான் சட்டம் போட்டாள்: இந்த அறைக்குள் சார், மேடம் கிடையாது, அண்ணன், அக்கா, தம்பிதான். அதன் பிறகுதான் முடங்கிக் கிடந்த கோப்புகளுக்குக் கால் முளைத்தது.

ஒரு நாள் முற்பகல், கும்பலின் எண்ணை அன்றுதான் கிடைத்த அனுமதியோடு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த தொலைபேசித் தம்பி கையைத் தூக்கினான். ஸ்பீக்கரில் வந்த குரலைக் கேட்டு அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய அப்பா.

"எம் பொண்ணும் கவர்மென்ட் ஆபீசர்தான் சார். அவளுக்கு ஆயிரம் வேலை. இதையெல்லாம் அவகிட்ட போய்க் கேக்க முடியுமா?"

அப்பாவை எச்சரிக்க அக்கா தன் போனை எடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார் போலீஸ் அண்ணன். "நம்மாளுங்க அவனுங்க இருக்கற தெருவுக்குள்ள போயிட்டாங்க. இப்ப லைன் கட்டானா அவனுங்க கம்பி நீட்டிடுவானுங்க."

"அப்பா பணம் எங்கேயும் போகாதுக்கா, நான் நிறுத்தி வச்சிட்டேன்," என்றான் வங்கித் தம்பி.

அக்கா போனைக் கீழே வைத்தாள். பெற்ற அப்பா ஏமாறுவதைக் காதாரக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டி வலி, தூக்கம் வராதது என்று அவளிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அவர் அந்த அயோக்கியனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் பொறுமையாக உம் கொட்டினான். பிறகு அந்தப் பக்கம் கதவு உடையும் சத்தம் கேட்டது. கும்பல் கூண்டோடு மாட்டியது. அறையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

"அப்ப, அந்தத் தம்பி இனிமே கூப்பிட மாட்டானா?" என்றார்.

"அவன் திருடன்பா."

"அது சரி. தினமும், சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டுதாம்மா பேச்சையே ஆரம்பிப்பான்."