ஓரத்தில் எழுத்துள்ள டாலர்

புஜைராவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அப்போது நான் ஸ்டோர்கீப்பர். பழைய நாணயம் என்றால் பைத்தியம். கையில் ஒரு லென்ஸ், நகை நிறுக்கும் சின்னத் தராசு, அதற்கு மேல் மண்டைக்கனம். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் யாருக்குப் பழைய காசு கிடைத்தாலும் என்னிடம்தான் வருவார்கள். முன்பு ஒரு தடவை துபாய் சூக் கடைத்தெருவில் பழைய வெள்ளி டாலர் என்று போலி ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தேன். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் போலி என்று சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ஆகிவிட்டது எனக்கு.

கேம்ப்புக்கு எதிரே பக்காலா என்கிற மளிகைக் கடை வைத்திருந்த பாய், கீழக்கரைப் பக்கம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கைக்குட்டையில் முடிந்த வெள்ளிக் காசு ஒன்றை எடுத்து வைத்தார். இருநூறு வருஷப் பழைய அமெரிக்க டாலர். அவருடைய வாப்பா கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது, காய்ச்சலில் கிடந்த வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவரைப் பார்த்துக்கொண்டாராம். அந்தக் கேப்டன் கொடுத்ததாம். வாப்பா விடுகிற கதை என்று சொந்தக்காரர்கள் ஆயுசு முழுக்கச் சிரித்திருக்கிறார்கள்.

"ஊர்ல வாப்பா படுத்த படுக்கையா இருக்காக. நீங்க பாத்து ஒரு வார்த்த சொன்னா, அவுக காதுல போட்ருவேன் தம்பி."

எடை சரியாக இருந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை. அதில் பொறித்திருந்த பெண் தலையின் முடியும் கன்னமும் பல கை மாறிய காசுக்குத் தேய வேண்டிய அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன. பிறகு ஓரத்தைப் பார்த்தேன். நான் அறிந்த விக்டோரியா ரூபாயின் ஓரத்தில் வரிவரியாக வெட்டு இருக்கும். இதில் எழுத்துகள் இருந்தன. முகப்பில் வேறு சாய்வாக அரம் ராவிய கோடுகள். கடையில் டீயோடு நின்ற நாலைந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது போதாதா எனக்கு!

"டூப்ளிகேட் பாய். எவனோ ராவி வச்சிருக்கான்."

அப்போ வாப்பாதான் ஊரை ஏமாத்திட்டாரு என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் காசை மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

சில மாதம் கழித்து நெட் கஃபேயில் வேறு எதையோ தேடும்போது அந்த டாலரின் படங்கள் வந்தன. அந்தக் காலத்து அமெரிக்க டாலரில் மதிப்பை ஓரத்தில்தான் எழுத்தில் பொறிப்பார்களாம். வெள்ளி வில்லை எடை கூடியிருந்தால் அச்சடிப்பதற்கு முன் நாணயச் சாலையிலேயே ராவிக் குறைப்பார்களாம். பிறகு விழும் அச்சின் அழுத்தத்தில் அந்தக் கோடுகள் பாதி அமுங்கிப் போயிருக்கும். பாயின் காசில் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேனே, பாவி! எதை வைத்துப் போலி என்றேனோ, அதை வைத்தே அசல் என்று சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவதென்று கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் பேசினார்.

"வாப்பா மவுத்தாயி இருவது நாளாச்சு தம்பி. நீங்க சொன்னத அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன். நான் பொய் சொல்லலடான்னாக. சரி வாப்பான்னு வச்சிட்டேன்."

பிறகு கல்லாவிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்தார். வீட்டில் இது இருக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், போலி எப்படி இருக்கும் என்று நாலு பேருக்குக் காட்ட உதவும் என்றார்.

உண்மையைச் சொன்னால் மனிதர் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சத்தியமாக அது காரணமில்லை. நாளைக்கு அந்தக் கடையில் டீ குடிக்க நிற்பவர்கள் முன்னால் என் பேர் என்ன ஆகும் என்ற பயம்தான். சரி பாய் என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படி இறங்கும்போது பாய் கூப்பிட்டார். அன்றைக்கு ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னதற்காக எனக்கு நன்றி சொன்னார்.