‘தெரியாது’ என்றொரு பெட்டி

எனக்குப் பொறுமை குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அசடு வழிந்தது நான்தான்.

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய ட்ருகனினாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கீழக்கரைக்காரர். கராஜில் தையல் மெஷின் போட்டு, குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து இணையத்தில் விற்கிறார். சனி, ஞாயிறுகளில் அவருக்காக ஒரு மென்பொருள் எழுதினேன். உடுப்பில் இருக்கும் சீட்டை வாங்குபவர் போனில் ஸ்கேன் செய்தால் துணி, சாயம், பொத்தான் எல்லாம் எங்கிருந்து வந்தன, ஹலாலா என்று தெரிந்துவிடும். ஹலாலா என்பதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெட்டி வைத்தேன்.

“‘தெரியாது’ன்னு ஒண்ணு வைங்கக்கா. அதைத் தொட்டா உடுப்பு விற்பனைக்கே போகக் கூடாது” என்றார். முணுமுணுத்துக்கொண்டே வைத்தேன். வெட்டி மிஞ்சும் துண்டுத் துணிகளை நிறம், நீளத்தோடு பதியவும் இடம் கேட்டார்.

“குப்பைக்குக் கூடவா ரிஜிஸ்டர்?” என்று கிண்டல் செய்தேன்.

“எதுவும் குப்பைக்குப் போகக் கூடாதுன்னுதான்” என்றார்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தபோது அறுபது கவுன்கள் தயார். இடுப்பில், வெளியிலிருந்து வாங்கித் தைத்த பெல்ட். பெல்ட் அனுப்பியவர் ‘தோல்’ என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன தோல் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, இவர் ‘தெரியாது’வைத் தட்டினார். அறுபதும் பூட்டிக்கொண்டன. பெருநாள் போய்விட்டால் அவற்றை யார் வாங்குவார்கள்?

“மாட்டுத் தோலாத்தான் இருக்கும். ஆமான்னு போட்டுட்டுப் போங்க!” என்று கத்தினேன்.

“‘இருக்கும்’னு பெட்டி இல்லையேக்கா.”

நான்காம் நாள் பதில் வந்தது. வெளிப்பக்கம் மாட்டுத் தோல், உள்பக்கம் பன்றித் தோல். என் பேச்சைக் கேட்டிருந்தால், அறுபது பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு பெருநாள் தொழுகைக்குப் போயிருப்பார்கள்.

அவர் அழவில்லை. துண்டுத் துணிப் பட்டியலைத் திறந்து தேடினார். அறுபது கவுனுக்கும் நிறம் பொருந்திய துண்டுகள் திரையில் வரிசையாக வந்து நின்றன. நானே எழுதிய மென்பொருள்தான். நான் கிண்டல் செய்த அதே ரிஜிஸ்டர்.

இரண்டு நாள் நான் பெல்ட்டுகளைப் பிரித்துக் கொடுக்க, அவர் துணியில் இடுப்பு நாடா தைத்தார். ஒவ்வொன்றாக ‘ஆம்’ ஆகி விற்பனைக்குப் போனது. கடைசிக் கவுன் மெஷினில் இருந்தபோது, “உங்க மன உறுதி யாருக்கு வரும்!” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உறுதியெல்லாம் இல்லக்கா. எனக்கும் கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு. ரெண்டு பெட்டிதான் இருந்திருந்தா, நானும் ஆமான்னு தட்டியிருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதான் உங்ககிட்ட மூணாவதைக் கேட்டு வாங்கினேன்.”