ஹாம்ஸ்டர் விற்றவன் பாடு

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் செல்லப்பிராணிக் கடையில் நிற்கிறவனை மிருகம் கடிப்பதில்லை. அதை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் திரும்பி வந்து கடிப்பார்கள். எந்தக் கடையிலாவது நின்று கால் கடுத்தவர்களுக்கு இது விளங்கும்.

துணைக்கு ஒன்று

புறநகர் ஸ்தேனில் இருக்கும் ஓர் அக்கா தன் மகளுக்கென்று ஒரு பெண் ஹாம்ஸ்டர் வாங்கினார். கட்டை வால் எலி மாதிரி, கன்னத்தில் தீனியை அடக்கி வைக்கிற சின்னப் பிராணி அது. இதைத் தனியாகத்தான் வளர்க்கவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். தனியே இருந்தால் பாவமென்று அவர் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்றை வாங்கிச் சேர்த்துவிட்டார்.

கொஞ்ச நாளில் சப்பாத்துப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே பஞ்சு உருண்டைகளாகக் குட்டிகள். வீட்டில் இன்னொரு பெட்டியும் இருக்கிறதாம். இதுகள் நிற்கிற வீட்டில் தான் நிற்கமாட்டேன் என்று புருஷன் சொல்லிவிட்டாராம்.

"பக்கத்து வீட்டு மனுசி இதுவும் பெட்டைதான் எண்டு சொன்னவ தம்பி. பெட்டை இப்ப அப்பாவாகிப் போச்சு."

அல்சாஸ் சம்பந்தம்

அப்போது கடையில் புதுச்சேரிப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். தினமும் வருவார், எதுவும் வாங்கமாட்டார். நாட்டின் கிழக்கே அல்சாஸ் வயல்களில் காட்டு ஹாம்ஸ்டர்கள் ஒருகாலத்தில் பெருகிக் கோதுமையை அள்ளிக்கொண்டு போனதையும், விவசாயிகள் பொறி வைத்துப் பிடித்ததையும் விவரித்தார். இப்போது அருகிவிட்டதால் அரசாங்கமே வளர்த்து வயலில் விடுகிறதாம்.

அக்காவின் முகம் மலர்ந்தது. தன்னுடையதையும் அங்கே கொண்டுபோய் விடலாமா என்று கேட்டார். பெரியவர் பதறி, அது வேறு இனம், உருவத்தில் பெரியது, வயிறு கறுப்பு, இரண்டும் சேரவே சேராது என்றார்.

அக்கா பெட்டியை மூடினார். "கலியாணம் பேசேக்கை நிறம் பாக்கிற ஆக்கள் மாதிரியெல்லோ கதைக்கிறியள், ஐயா."

திரான்சி அண்ணை

பெட்டி என் தலையில் விழுந்தது. ஆண்களையும் பெண்களையும் வேறு வேறு கூட்டில் பிரித்து, வருகிறவர்களிடமெல்லாம் இலவசமாக ஒன்று கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சினேன். இன்னொரு புறநகரான திரான்சியில் தனியாக இருக்கும் ஓர் அண்ணை இணங்கினார். சாப்பாட்டுக்கடையில் வேலை; மனைவி யாழ்ப்பாணத்தில், இங்கே கூப்பிடுவதற்கு விசாப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை.

இதுவும் குட்டி போட்டுத் தள்ளுமோ என்று கேட்டார். தனியே வைத்திருந்தால் பெருகவே பெருகாது என்று உறுதி சொன்னேன். அவர் கூட்டுக்குள் கைவிட்டு ஒன்றைத் தூக்கினார்.

"ஓம் தம்பி, என்னையும் அப்பிடித்தான் வச்சிருக்கினம்."

வயலில் பெருகினால் பொறி வைப்பார்கள், அருகினால் காப்பாற்றச் சட்டம் போடுவார்கள், ஸ்தேனில் பெருகினால் மட்டும் கடையில் நிற்கிறவனைத் தேடி வருவார்கள்.